எதிர்த்தரப்பில் அம்மா

அலுவலக வேலையாக மதுரைக்குப் போன அம்மா, திரும்பி வரும்போது சட்டக் கல்லூரி விண்ணப்பம் இரண்டு வாங்கி வந்திருந்தாள். ஒன்றில் அடித்தல் திருத்தல் வந்துவிட்டால் மாற்றுக்கு ஆகட்டும் என்று வாங்கியிருக்கிறாள் என நினைத்தேன். நான் என்னுடையதை நிரப்பி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தவள், பேனாவை வாங்கி இரண்டாவது விண்ணப்பத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

அப்பா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். விசயம் தெரிந்ததும் இரண்டு விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஒரே வீட்டுல ரெண்டு வக்கீலா? அப்ப நான் யாருகிட்டப் போயி நாயம் கேக்குறது?" என்றார்.

"எங்ககிட்டத்தான்," என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தொன்று, அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. நான் பிறந்த மறு வருடத்திலிருந்து அம்மா பெரியகுளத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தாள். அந்தப் பட்டத்தை அதுவரை எதற்கும் பயன்படுத்தியதில்லை. வக்கீலிடம் அவளே போய்ப் பேசினாள். காலையில் கல்லூரி, சாயங்காலம் வந்து டைப் அடித்துத் தருகிறேன் என்று ஏற்பாடு. "வக்கீலய்யா சிரிச்சாக. ஆனா வேண்டாம்னு சொல்லல," என்று வந்து சொன்னாள்.

எங்கள் ஊர் ஜெயமங்கலம். விடியுமுன் அப்பா எங்கள் இரண்டு பேரையும் மொபெட்டில் ஏற்றிப் பெரியகுளம் பேருந்து நிலையத்தில் விடுவார். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று வருடம் அந்தப் பேருந்துதான் எங்கள் படிப்பறை. தேவதானப்பட்டி வரை நான் தூங்குவேன், அம்மா படிப்பாள். அதற்குப் பிறகு முறை மாறும்.

முதல் நாளே எனக்கு ஒரு கட்டளை போட்டாள். "காலேஜுக்குள்ள என்னைய அம்மான்னு கூப்பிடாத."

"பின்ன எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடவே கூப்பிடாத."

பதினைந்து நாளில் வகுப்பு மொத்தமும் அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நான் ஒருத்திதான் "இங்கன பாரு" என்று முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பில் நாங்கள் இரண்டு தினுசு. எனக்கு ஆங்கிலப் புத்தகத்தைப் படித்ததும் மனதில் நிற்கும். பிரிவு எண்களை வரிசையாகச் சொல்வேன். ஆனால் வக்காலத்தில் ஸ்டாம்பு எங்கே ஒட்டுவது என்றுகூடத் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தடுக்கும். ஆனால் இருபது வருடம் டைப் அடித்த மனுக்கள் எல்லாம் அவள் விரலில் இருந்தன. தடையுத்தரவு பாடம் நடக்கும்போது என் காதோரம், "இதத்தான் பண்ணைப்புரத்துக்காரர் கேஸுல போட்டோம்," என்பாள். வீட்டில் அவள் சொல்லியிருந்த அந்தத் தோட்டத்து வரப்புச் சண்டை எனக்கு நினைவு வரும், பாடமும் கூடவே புரிந்துவிடும்.

கடைசி வருடத்தில் மாதிரி நீதிமன்றம் வந்தது. பேராசிரியர் ஒரு கற்பனை வழக்கைக் கொடுப்பார். இரண்டு தரப்புக்கும் ஆள் பிரித்து, அவரே நீதிபதியாக உட்கார்ந்து கேட்பார். சீட்டுக் குலுக்கியதில் வாதிக்கு நான், பிரதிவாதிக்கு அம்மா. பிரதிவாதியின் புன்செய்க் காட்டு வழியே வாதி தன் கிணற்றுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள் என்பது வழக்கு.

அந்த ஒரு வாரம் வீடு இரண்டு முகாமாக இருந்தது. நான் உள்ளறையிலும் அம்மா அடுப்படியிலும் குறிப்பு எழுதினோம். நடுவே டீ கொண்டுவந்த அப்பாவிடம், "அங்கன என்ன எழுதுறாக?" என்று கேட்டேன். "நான் ரெண்டு கட்சிக்கும் பொது," என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முறைப்படி என் வழக்குரையின் நகலை அம்மாவிடம் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். விசாரணை நாளன்று நான் நன்றாகப் பேசினேன். பிரிவுகள், பழைய தீர்ப்புகள் என்று எதையும் விடவில்லை. அம்மா எழுந்து, பிரதிவாதியின் காட்டைத் தொடாமல் கிணற்றுக்குப் போக இன்னொரு வழி இருக்கிறது என்று சின்னக் குரலில் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தீர்ப்பு எனக்குச் சாதகம். வகுப்பு கை தட்டியது.

திரும்பும் பேருந்தில் அம்மா கண் அசந்தபோது, அவள் மடியிலிருந்த கோப்பை எடுத்துப் பிரித்தேன். என் வழக்குரையின் கடைசிப் பக்கத்தில், சொத்து விவரத்தில், ஒரு சொல்லைச் சிவப்புப் பென்சிலால் அடித்து மேலே திருத்தி எழுதியிருந்தாள். பாதை கிழக்கே போவதாக எழுதியிருந்தேன். கிணறு இருந்ததோ மேற்கே. நான் கேட்ட பாதையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் கிணறு வராது. அந்த ஒன்றை எடுத்துச் சொல்லியிருந்தால் என் வழக்கு அங்கேயே படுத்திருக்கும்.

அவளைத் தட்டி எழுப்பினேன். "இதப் பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல? நான் செயிக்கட்டும்னு விட்டுக்குடுத்தியா? நான் என்ன பச்சப்பிள்ளையா?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "விட்டெல்லாம் குடுக்கல ஆத்தா. சொல்லத்தான் பாத்தேன். வாய் வரல. இத்தன வருசமா யாரு தப்பா எழுதுனாலும் சத்தங்காட்டாமத் திருத்தி அடிச்சு வச்சிருவேன். வக்கீலய்யாவுக்கே தெரியாது. எந்திரிச்சு நின்னு இது தப்புன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

கோப்பை மூடி அவள் மடியில் திரும்ப வைத்தேன். அவள்மேல் வந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தவித்தது. எத்தனை ஆயிரம் பக்கத்தில் எத்தனை பிழையை இப்படிச் சத்தமில்லாமல் எடுத்திருப்பாள் என்று நினைத்தபோது, அந்த அலுவலகத்தின் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் பேராசிரியரைப் பார்த்து என் பிழையை நானே காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப மறு விசாரணை வச்சுருவோம்," என்றார். அம்மாவுக்குத் தெரிந்ததும், "வாங்குன மார்க்கத் தொலைக்கவா போயிச் சொன்ன, கூறு கெட்டவளே?" என்று வகுப்பு வாசலிலேயே திட்டினாள். அம்மா என்று கூப்பிடாதே என்றதெல்லாம் அன்று காற்றில் போயிற்று.

அடுத்த வாரம் அவள் எழுந்து நின்றாள். தண்ணீர் குடித்தாள். "கனம் நீதிபதி அவர்களே, வாதித் தரப்பு வழக்குரைஞர் திசையைத் தப்பாகக் காட்டியிருக்கிறார்கள்," என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து குறுக்கே ஏதோ சமாதானம் சொன்னேன். "நான் பேசி முடிச்சுக்கிறேன், நீங்க உக்காருங்க," என்றாள். என் வாழ்நாளில் அவள் என்னை நீங்கள் என்றது அதுதான் முதல் தடவை. பத்து நிமிடம் பேசினாள். என் வழக்கு தள்ளுபடியாயிற்று. எனக்கு மதிப்பெண் குறைந்தது, ஆனாலும் மற்றவர்களைவிட அதிக நேரம் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத் தேர்வில் நான் எல்லாத் தாளிலும் தேறினேன். அம்மாவுக்கு வரிச் சட்டம் ஒன்று மட்டும் நின்றுபோயிற்று. என்னை முதலில் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ளச் சொன்னாள். நான் ஆறு மாதம் காத்திருந்தேன். அவளுக்கு அந்தத் தாளைச் சொல்லிக் கொடுப்பதற்காக நானும் மறுபடி படித்தேன். இன்றைக்கும் எனக்கு ஓரளவு உருப்படியாகத் தெரிந்த சட்டம் அதுதான்.

இரண்டு பேரும் சேர்ந்தே சென்னைக்குப் போய் வழக்குரைஞராகப் பதிவு செய்தோம். அவசரமாகத் தைத்த அங்கி அம்மாவுக்குக் கணுக்காலைத் தாண்டித் தொங்கியது. அப்பா குனிந்து அதை ஊக்கு வைத்து மடித்துவிட்டார். பதிவுக்குக் கூப்பிடும்போது அம்மா என்னை முதுகில் கை வைத்து முன்னே தள்ளினாள். அதனால் என் பதிவு எண் அவளுடையதைவிட ஒன்று குறைவு. நீதிமன்ற வழக்கப்படி நான் அவளுக்கு மூத்தவள்.

கல்யாணமாகி நான் உத்தமபாளையம் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டேன். அம்மா பெரியகுளத்தில் வக்கீலாக இருந்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"சீனியர், சும்மாதான இருக்கீக? இந்தத் தேங்காயக் கொஞ்சம் துருவிக் குடுங்க."