அமைச்சர் மகள் படிக்கும் கல்லூரி

புதியம்புத்தூர் தையல் கம்பெனி ஒன்றில் சட்டைக்குக் காலர் வைப்பது என் வேலை. சென்ற ஆண்டு என் மகளுக்குக் கோவில்பட்டி அரசுக் கல்லூரியில், அவள் ஆசைப்பட்ட கணிதமே கிடைத்தது. சேர வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் கம்பெனியில் எல்லோரும் ஒரு வீடியோ பார்த்தோம். ஓர் அமைச்சரின் மகள் நெல்லைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்குள் காரில் போனாள்.

"அவிய பிள்ளையே அங்க படிக்குன்னா சும்மாவா?" என்று, அழுத மகளை மறுநாள் காலையில் அங்கே இழுத்துப் போனேன்.

வாசலில் வாட்ச்மேனிடம், "அமைச்சர் மக என்ன படிக்கா அண்ணாச்சி?" என்றேன்.

"அந்தப் பிள்ள விழாவுக்கு வந்துட்டுப் போச்சும்மா. வாரவிய எல்லாரும் இதத்தான் கேக்காவ. என்ன பாடம் இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

"மேத்ஸ் இருக்கா?" என்றாள் மகள்.

"இல்லையே தாயி."

அடுத்த பஸ்ஸில் கோவில்பட்டிக்கு ஓடினோம். கல்லூரி அலுவலகத்தை மூட அரை மணி இருக்கும்போது மகள் கையெழுத்துப் போட்டாள்.

இந்த ஆண்டு கம்பெனியில் பக்கத்து மெஷின் அக்கா, "ஒம் மக எந்தக் காலேஜ்? எம் மகளையும் அங்கனயே சேத்துருதேன்" என்றார்.

"அது கெடக்கட்டும்க்கா. ஒங்க மகளுக்கு என்ன படிக்க ஆசைன்னு கேட்டீயளா?" என்றேன்.