அறுபது மடங்கு

மாமா அந்த ஸ்கோப்பை எண்ணூரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் முதன்முதலாக நிறுத்திய மதியம் நன்றாக நினைவிருக்கிறது. மூன்று கால் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணால் பார்க்கும் தூரநோக்கி. முகத்துவாரத்துப் பறவைகளைப் பார்த்துத் திரிகிறவன் என்பதால், அதை வாங்க அக்கா என்னைத்தான் அவரோடு அனுப்பினாள். முன்கண்ணாடி அகலமாக இருந்தால் வெளிச்சம் வரும், பெரிதாகக் காட்டுவதெல்லாம் அப்புறம் என்றேன். மீன்பிடிக்கிறவர் கேட்பாரா? "எஞ்சின் வாங்கச்சொல்லோ கம்மி எச்.பி.ய எவனாவது கேப்பானா மச்சான்?" என்று, அறுபது மடங்கு வரை காட்டுவதை எடுத்துக்கொண்டார்.

அவருடைய அவசரம் வேறு. வலைக்கயிறு சுற்றி முழங்கால் போய், மாதக்கணக்காகக் கரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஃபைபர் போட்டில் இப்போது எஞ்சின் பிடிப்பது அவர் தம்பி. "நான் இல்லாங்காட்டி அவனுக்கு வலை நேரா வுழாது" என்று குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வளையத்தைத் திருகி அறுபதில் வைத்தார். வெயிலில் கடலும் போட்டும் கொதிக்கிற கஞ்சி மாதிரி தளும்பின. காற்று வேறு தாங்கியை ஆட்டியது. "ஒரே பேஜாரா கீது" என்று கடைக்காரரைத் திட்டினார். மறுநாள் வெயில் தாழ்ந்து சூரியன் முதுகுப்பக்கம் போனதும் நான் தாங்கியைக் குட்டையாக்கி, நடுவில் செங்கல் வைத்த பையைத் தொங்கவிட்டு, இருபதுக்குக் குறைத்தேன். போட் சின்னதாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது.

வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு இடம் விட்டார். தம்பி எஞ்சின் பிடிக்க, வலை நூல் பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் வுடறான்" என்றார் மாமா. எனக்குச் சங்கடமாக இருந்தது. அறுபதிலேயே விட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் ஸ்கோப் கழிமுகத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது. பூநாரை ஏன் அலகைத் தலைகீழாக வைத்துத் தின்கிறது என்று போன் போட்டுக் கேட்கிறார். எனக்கும் தெரியாமல் தேடிப் படித்துச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் இருந்தபோது, போட் கரைக்கு வந்துவிட்டதென்று அக்கா கீழிருந்து கூப்பிட்டாள். மாமா கண்ணை எடுக்கவில்லை. "இரு, பறவைய எண்ணிக்கினு கீறேன்" என்றார். கீழே மீன் கூடைகள் ஏறி, சத்தமெல்லாம் அடங்கிய பிறகுதான் எழுந்தார். அவர் பார்த்த திசையை மாற்றாமல் நான் கண்ணை வைத்தேன். வெறும் சேறுதான் இருந்தது.