கௌதாரிமுனைக்கு வழி சொல்லப்போய்

இன்று பாடசாலை முடிந்து, பூநகரிச் சந்தியில் கிளிநொச்சி பஸ்ஸுக்காக நின்றேன். வவுனியாவில் இருந்து வந்த இளம் தம்பதி ஒன்று ஓட்டோவில் வந்து அருகில் நிறுத்தியது.

"அக்கா, இங்க பாக்கிறதுக்கு என்ன இடம் இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் விடுவேனா?

"கௌதாரிமுனைக்குப் போங்கோ. வெள்ளை மணல் மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கும். கடலுக்குள்ள எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலளவுதான் தண்ணி."

"நீங்கள் கடைசியா எப்ப போனனீங்கள்?"

இங்கே படிப்பிக்க வந்து ஆறு வருடம். நான் சொன்னதெல்லாம் பிள்ளைகள் கட்டுரையில் எழுதியவை.

"நான் இன்னும் போகேல்லை" என்றேன்.

ஓட்டோக்கார அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீங்களும் ஏறுங்கோ ரீச்சர். இடம் இருக்குத்தானே."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அதை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணித்தியாலம். நான் ஓட்டோவில் ஏறினேன்.

பாதி வழியில் ஓட்டோச் சில்லு மணலில் புதைய, மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். போய்ப் பார்த்தால், பிள்ளைகள் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை. அந்தப் பெண்ணும் நானும் செருப்பைக் கையில் பிடித்தபடி கடலுக்குள் நடந்துகொண்டே இருந்தோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டவேயில்லை.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன் எடுத்தார். "எங்க நிக்கிறீர்?"

"கடலுக்க நிக்கிறன்."

"என்னை விட்டிட்டுப் போயிட்டீரே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

நீங்கள் போகாமலே ஊருக்கெல்லாம் வழி சொல்லும் இடம் எது? மறைக்காமல் எழுதுங்கள். நான் மட்டும் பிடிபட்டது நியாயமில்லை.