அக்காவின் லாரி எங்கே ஒழுகுகிறது?

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் இருந்தது. ஆனால் பட்டறைத் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். லாரி மெக்கானிக்கான அவன் எல்லோருக்கும் துருவல். எதையும் துருவித் துருவிக் கேட்பான். கூரை ஒழுகினால் மற்றவர்கள் வாளியைத் தேடுவார்கள், இவன் ஏணியைத் தேடுவான். கல்யாணத்தன்று பக்கத்து அறையில் குழாய் சொட்டும் சத்தம் காதில் விழுந்து, புதுச் சட்டையோடு சுவர் ஓரம் படுத்துக் குழாயைத் தடவிக்கொண்டிருந்தானாம். மணப்பெண் வந்து காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தான் என்கிறார்கள். காலைப் பிடித்து இழுத்தது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். குழாய் சொட்டியது நிஜம்.

அப்பேர்ப்பட்டவனைத் திணறடித்தது வேறு யாருடைய வண்டியும் இல்லை, கூடப்பிறந்த அக்காவின் லாரி.

அக்கா சொந்த லாரியைச் சொந்தமாக ஓட்டுபவள். லாரியின் வயதைக் கேட்டால் தன் வயதைக் கேட்டதுபோல முறைப்பாள். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்று வேறொரு பட்டறையில் இரண்டு தடவை இன்ஜினை இறக்கிப் பின்பக்க ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை மாற்றியாகிவிட்டது. சொட்டு மட்டும் மாறவில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு காகிதக் கிடங்கு அவளுக்கு நிரந்தர லோடு தர முன்வந்தது. அங்கே ஒரு கெடுபிடி உண்டு. வாசலில் காவலாளி லாரியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அடியில் ஒரு அட்டையைத் தள்ளிவைப்பார். அட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் வந்த வழியே திரும்பவேண்டியதுதான். வரும் திங்கட்கிழமை அக்காவின் முறை.

"இதுவும் போச்சுன்னா வண்டியக் காயலான் கடைக்குத் தள்ளிட்டு உன் வீட்டு மாடியில வந்து உட்காந்துக்கறேன்டா" என்றாள் அக்கா.

அன்றிரவு துருவலின் மனைவி அவனுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே பரிமாறினாள். "நல்லாப் பாருங்க. நல்லாப் பாத்து சரி பண்ணுங்க" என்று மறுநாள் காலை வாசல்வரை வந்து சொல்லியும் அனுப்பினாள்.

லாரியின் முன்மூடியைத் தூக்கிய துருவல் தலையில் கை வைத்துக்கொண்டான். இன்ஜின் பளபளவென்று மின்னியது.

"அக்கா, கழுவிட்டியா?"

"பின்ன? நாலு பேர் வந்துபோற பட்டறை. அழுக்கோடவா கொண்டாந்து நிறுத்துவேன்?"

"அழுக்குலதான்க்கா விஷயமே இருக்கு. எந்தப் பக்கம் ஈரமா இருக்கு, எந்தப் பக்கம் புழுதி ஒட்டியிருக்குன்னு பாத்துத்தான் வழி பிடிப்பேன். திருடன் வந்துபோன வீட்டைப் பெருக்கித் துடைச்சிட்டுப் போலீசைக் கூப்பிட்ட மாதிரி பண்ணிட்டியே."

துருவல் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனான். மனைவியின் முகப் பவுடர் டப்பாவோடு திரும்பி வந்து, இன்ஜினின் மேலும் கீழும் இண்டு இடுக்கிலும் வெள்ளையாகத் தூவினான்.

அடுத்த பட்டறை வெல்டர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, இன்ஜினுக்குப் போட்டோ எடுக்கப் போறியா?"

"சிரிக்காம அந்த டார்ச்சக் குடுண்ணே."

இன்ஜினை ஓடவிட்டான். பவுடரில் முதல் கறை மேலே, இன்ஜின் தலையை மூடும் டேப்பெட் மூடியின் பின் ஓரத்தில் பூத்தது. அங்கிருந்து ஒரு கோடு எறும்பு ஊர்வதுபோல இறங்கியது. அது கீழே வந்து சேர்வதற்குள் எண்ணெய்த் தொட்டியைச் சுற்றியிருந்த பேக்கிங் ஓரம் கசிந்தது. பிறகு பின்பக்கம் கனமான ஃப்ளைவீல் சக்கரத்தை மூடிய கூட்டின் அடி நனைந்தது. "ஒரு இடம்னு பாத்தா, ஊரே சேர்ந்து அழுவுதே!" என்றான் துருவல். குரலில் கவலையைவிடக் குதூகலம் அதிகமாக இருந்ததை அக்கா கவனித்துவிட்டாள். முதுகில் ஒன்று வைத்தாள்.

ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் சீலை எட்ட வேண்டுமானால் இன்ஜினை வெளியே எடுத்தே தீரவேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களைப் பிரித்து, பளு தூக்கும் செயின் பிளாக்கில் சங்கிலி மாட்டித் தூக்கினார்கள். ஃப்ளைவீலை இறக்கியதும் துருவலின் கண் சுருங்கியது. போன மாதம் போட்ட சீல், ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்தது. தேய்மானமே இல்லை. ஆனால் தன் குழியிலிருந்து நகக்கண் அளவு வெளியே நகர்ந்திருந்தது. பேக்கிங்கைத் தடவிப் பார்த்தான். அதுவும் வெளிப்பக்கமாகவே பிதுங்கியிருந்தது.

"புதுசு போட்டு ஏத்திவிடு மாப்ள" என்றார் வெல்டர். "திங்கட்கிழமை ஒருநாள் தாக்குப் பிடிச்சாப் போதும்ல?"

"அதானே" என்றாள் அக்கா.

"சீல் மேல தப்பு இல்லண்ணே. உள்ளேர்ந்து எதுவோ தள்ளுது. எதுன்னு தெரியாம ஏத்தினா இதையும் தள்ளும்."

அந்தரத்தில் தொங்கிய இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்தான், மல்லாந்து படுத்தான். வண்டிக்குள் இருந்தவரை கண்ணுக்கே படாத ஒரு மூலையில், இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து வளைந்து இறங்கியது ஒரு குழாய். அதன் வாயில் கச்சிதமாகச் செதுக்கிய மரத்தக்கை. மேலே சைக்கிள் டியூப் வேறு இறுக்கிச் சுற்றியிருந்தது.

"இத யாரு வெச்சா?"

வெல்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா பட்டறைக் கூரையைப் பார்த்தாள்.

"அக்கா!"

"அதுலேர்ந்தும் எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு சொட்டிட்டு இருந்துச்சுடா. எத்தனை அழகா செதுக்கியிருக்கேன் பாரு! அந்த ஒரு சொட்டையாவது நிறுத்திட்டோமேன்னு அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்."

"மத்த சொட்டெல்லாம் அதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுதா, பின்னாடியா?"

அக்கா விரலை மடக்கி யோசித்தாள். மடக்கிய விரல் அப்படியே நின்றது. "பின்னாடிதான்டா."

"இது இன்ஜினோட மூக்குக்கா. உள்ள உண்டாகுற புகையும் காத்தும் இந்த வழியாத்தான் வெளிய வரணும். நீ மூக்க அடைச்சிட்ட. அது முட்டி மோதி, கிடைச்ச இடுக்குல எல்லாம் எண்ணெயத் தள்ளிட்டு வந்திருக்கு."

"ரெண்டு தடவை இறக்கினாங்களே, அவங்க கண்ணுல படலியா?"

"சொட்டுற இடத்த மட்டும் பாத்தா எப்படிப் படும்?"

தக்கையைப் பிடுங்கினான். குழாயின் உள்ளே கரியும் எண்ணெயும் களிம்பாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக் கழுவினான். புதுச் சீலும், டேப்பெட் மூடிக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் புது பேக்கிங்கும் போட்டான். ஆனால் மூக்கைத் திறந்துவிட்டால் அந்தப் பழைய ஒண்ணு ரெண்டு சொட்டு அட்டையில் விழுமே! கையைப் பிசைந்துகொண்டு அரை நாள் போயிற்று. கடைசியில் இன்ஜினை ஏற்றி, குழாயோடு ஒரு ரப்பர் ஹோஸை இணைத்து, அதன் மறுமுனையை ஒரு தகர டப்பாவுக்குள் விட்டான். டப்பாவின் தலையில் காற்றுப் போக ஓட்டைகள் போட்டு அடிச்சட்டத்தில் முடுக்கினான். சொட்டு டப்பாவுக்கு, மூச்சு வெளிக்கு.

திங்கட்கிழமை கிடங்கு வாசலில் காவலாளி அட்டையைத் தள்ளிவைத்தார். இன்ஜின் ஓடியது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துருவலும் எட்டிப் பார்த்தார்கள். கீழே குனிந்து பார்த்த காவலாளி சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏதோ டப்பா கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க. சொட்டுறத மறைக்கிறீங்களா?"

துருவல் இறங்கி, அடியில் புகுந்து டப்பாவைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தான். உள்ளே பனி படர்ந்ததுபோல் லேசான ஈரம், அவ்வளவுதான்.

"இன்ஜின் விடுற மூச்சு சார். அடைச்சு வெச்சா எல்லாப் பக்கமும் ஒழுகும். இப்ப டப்பா உங்க கையில இருக்கு. இருக்கட்டும், அட்டையப் பாருங்க."

காவலாளி பார்த்தார். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. டப்பாவைக் கையில் பிடித்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார். பிறகு அட்டையை இழுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் தடவிவிட்டு, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு அட்டைதான் கணக்கு. அட்டை காஞ்சு கிடக்கு. உள்ள போங்கம்மா."

துருவல் டப்பாவை மாட்டிவிட்டு எழுந்தபோது அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதட்டினாள்.

"ஏறுடா. வாரா வாரம் டப்பாவ நானே கொட்டிக்கறேன். அந்த ஓட்டைங்களுக்கு மூடி செய்ய மாட்டேன், போதுமா?"