லூசியேனின் உதட்டுக்கு ஒரு சீவாளி

பிரான்சின் தூலோன் நகர மீன் சந்தையில் ஓதெத்தின் கத்திக்குத் தனி மரியாதை உண்டு. பேசிக்கொண்டே ஒரு கூடை மத்தி மீனுக்கும் முள் நீக்கிவிடுவாள். அவள் கணவன் லூசியேன், அதே ஊர் நாடக அரங்கின் இசைக்குழுவில் நாதஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் ஓபோவை இருபத்திரண்டு வருடமாக முதல் நாற்காலியில் வாசித்துவந்தான். கச்சேரிக்கு முன் அவன் ஊதும் ஒற்றைச் சுரத்துக்குத்தான் மற்ற வாத்தியங்களெல்லாம் சுருதி சேர்க்கும்.

ஐம்பத்தோரு வயதில் அவன் வலது கை நடுங்கத் தொடங்கியது. வாசிக்கும்போது விரல்கள் எப்படியோ சொன்ன பேச்சைக் கேட்டன. நாணலைச் சீவிச் சீவாளி செய்ய உட்கார்ந்தால் கேட்கவில்லை. கத்தி வழுக்கி நாணலின் நுனி பிய்ந்துபோகும். கடைச் சீவாளி எதுவும் அவன் உதட்டுக்கு ஒத்துவரவில்லை. ஒரே வாரத்தில் பதினேழைப் பாழாக்கிவிட்டு அவன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்ட மத்தியானம், ஓதெத் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கினாள்.

"மீன் அறுக்கிற கைக்கு இது வராது," என்றான்.

"உன் கைக்கும்தான் வரல. எங்க சீவணும்னு சொல்லு."

நாணல் பட்டையை ஊறவைத்து மடிக்க, பித்தளைக் குழலில் நூலால் இறுக்கிக் கட்ட ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். சீவுவதுதான் வசப்படவில்லை. மீனில் கத்தி அழுந்த வேண்டும். இங்கே தூசி தட்டுவதுபோல் தொட்டுவிட்டு விலக வேண்டும். அவள் செய்ததை வாயில் வைத்து ஊதிப் பார்த்து, வாத்து கத்துகிறது என்பான். மீன் வாடை வேறு அடிக்கிறது என்பான். அவள் எலுமிச்சையால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஏழு மாதம் கழித்து ஒருநாள் ஊதிப் பார்த்தவன் ஓபோவை எடுத்துவந்து ஒரு மணிநேரம் வாசித்தான். அடுப்பில் சூப் தீய்ந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் சீவாளிகளோடு அவன் இரண்டு வருடம் வாசித்தான். பிறகு விரல்களும் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கச்சேரியில் தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில் தடுமாறி நின்றான். மறுநாள் அவனே விலகல் கடிதம் எழுதினான். எழுத்து நடுங்கியதால் அவளிடம் கொடுத்துப் படியெடுக்கச் சொன்னான்.

அவன் நாற்காலிக்குக் கிளேர் என்ற இளம்பெண் வந்தாள். வானொலியில் அவள் வாசிப்பைக் கேட்ட லூசியேன், நல்ல மூச்சு, சீவாளிதான் மட்டம் என்றான்.

"நீ அவளுக்குப் பண்ணிக் குடு, ஓதெத்."

"நான் உனக்காகத்தான் கத்துக்கிட்டேன். ஊருக்காக இல்ல."

"எனக்காகத்தான் கேக்குறேன்."

மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் நாணலை ஊறப்போட்டாள். கிளேருக்கு எப்படி வேண்டுமென்று கேட்டு அப்படியே சீவினாள். ஒரு ஞாயிறு பிற்பகல் கச்சேரிக்கு இருவரும் மாடியில் உட்கார்ந்தார்கள். கிளேர் அந்த ஒற்றைச் சுரத்தை ஊதினாள். இசைக்குழு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. லூசியேன் சத்தமில்லாமல் அழுதான். ஓதெத் மேடையைப் பார்க்காமல் அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி அவன் இறந்தான்.

அடக்கம் முடிந்து மூன்று வாரத்தில் கிளேர் கேட்டாளென்று ஓதெத் ஆறு சீவாளி செய்து கொடுத்தாள். சனிக்கிழமை கிளேர் சந்தைக்கே வந்து, வாங்க நின்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"மதாம், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறுமே எனக்குக் கனமா இருக்கு. ஊதவே முடியல."

ஓதெத் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் தடிப்பு, நுனி குட்டை. லூசியேன் கேட்கும் அளவு. ஆறிலும் அதேதான்.

"வேற பண்ணித் தரேன்," என்றாள்.

அந்த ஆறையும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, புதிதாக வந்து நின்றவரிடம் என்ன மீன் வேண்டுமென்று கேட்டாள்.