அவள் மகளும் கிழியட்டும் என்று ஜெபித்தேன்

சகோதர சகோதரிகளே, என் பெயர் ஜெசிந்தா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறேன். இந்த ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். நான் சொல்லப்போவது பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்ளும் விஷயம். ஆனாலும் ஆண்கள் யாரும் எழுந்து போக வேண்டாம். கடவுள் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், என் உடம்பில் எந்த இடத்தில் செய்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் என் மூத்த மகள் ஷைனி பிறந்த அன்று நான் கிழிந்தேன். பிரசவத்தில் லேசாகக் கிழிவது பல பேருக்கு நடப்பதுதான், ஆறிவிடும். எனக்கு மலவாயை மூடித் திறக்கும் தசை வரைக்கும் கிழிந்தது.

அது ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிக் கட்டினார்கள். பிரசவ அறையைப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தச் சாட்சி வேறு மாதிரி ஆகிவிடும்.

"முக்கு! மூச்ச அடக்கி முக்குடி!" என்று கத்தினாள். எனக்கு முக்க வேண்டும் என்ற உணர்வே இன்னும் வரவில்லை. வலியில் அலறினேன்.

"புருஷன்கிட்ட போறப்ப சிரிச்சிக்கினுதானே போன? இப்ப இன்னாத்துக்குக் கத்துற?"

பக்கத்தில் நின்ற ஆயா சிரித்தாள். பிறகு அந்த நர்ஸ் ஸ்டூல் மேல் ஏறி, முழங்கையை என் வயிற்றின் மேல் வைத்துத் தன் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். குழந்தை ஒரே உந்தலில் வந்தது. நான் கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது.

தையல் போட்டார்கள். எவ்வளவு ஆழம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. காற்றை அடக்க முடியவில்லை. அவசரம் வந்தால் கக்கூஸ் வரைக்கும் தாங்காது. கடையில் உட்கார்ந்திருக்கும்போதே துணி கெட்டுப்போகும். மீன் நாற்றம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது. பூசைக்குப் போனால் வாசல் ஓரமாகவே நிற்பேன். என் வீட்டுக்காரர் அந்தோணி தோளில் கை வைத்தால்கூட உடம்பு விறைத்துக்கொள்ளும். அவர் கையை எடுத்துக்கொள்வார். ஒன்றும் கேட்க மாட்டார்.

அப்போது நான் செய்த ஜெபத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாதா முன்னால் முழங்காலில் நின்று, "அந்தப் பொம்பள கை வெளங்காம போகணும். அவளுக்கு ஒரு பொண்ணு இருந்தா அவளும் என்ன மாதிரியே கிழியணும்" என்று கேட்டேன். பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நானும் பக்தியாகத்தான் வேண்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே என் கடை முன்னால் வந்து நின்றாள்.

"வஞ்சிரம் இன்னிக்கு வந்ததா, ஐஸ்ல வச்சதா?"

என் முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் கேட்டாள். அவளுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. கிழிந்ததைவிட அது அதிகமாக வலித்தது. அடியில் கிடந்த பழைய மீனை எடுத்து, செவுளைக் காட்டாமல் வெட்டிக் கொடுத்தேன். மறுவாரம் வந்து, "போன வாரம் மீன் சரியில்லம்மா, வீட்டுக்காரரு தட்டத் தள்ளிட்டாரு" என்றாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. "அப்படியாம்மா?" என்று வாயில் சொன்னேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்தாள். வரும்போதெல்லாம் அவள் கையைத்தான் பார்ப்பேன். வளையல் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது அந்தக் கை. எனக்குக் கடவுள் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்படி ஒரு வருடம் ஓடிய பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. கசிவு பெரும்பாலும் நின்றிருந்த நேரம். மறுபடியும் அந்த மேஜை, மறுபடியும் அந்த முழங்கை என்று நினைத்ததும் சோறு இறங்கவில்லை. கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடவுள் மன்னிக்கட்டும். அந்தோணியிடம் அழுதேன்.

"நீ இன்னா சொல்றியோ அதான்மே," என்றார். "ஆனா ஒரு தபா நல்ல டாக்டராண்ட காட்டிட்டு அப்பாலிக்கா முடிவு பண்ணலாம்."

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். முதல் தடவையாக வேறு மாதிரி வேண்டினேன். "அவளத் தண்டிக்கறத அப்புறம் வச்சிக்கோ. இப்ப என்னக் காப்பாத்து." இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்குத்தான் பதில் வந்தது.

அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என்னைப் பரிசோதித்தார். போன தடவை எதுவரைக்கும் கிழிந்தது என்று படம் வரைந்து காட்டினார். தசை நன்றாகவே சேர்ந்திருக்கிறது, ஆபரேஷனும் செய்யலாம், சுகப்பிரசவத்துக்கும் முயற்சி பண்ணலாம், இரண்டிலும் உள்ள ஆபத்து இது இது என்று எடுத்துச் சொன்னார். "மறுபடியும் கிழியவே கிழியாதுன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த ஆபத்தைக் குறைக்க வழி இருக்கு" என்றார். நான் சுகப்பிரசவத்தைத் தேர்ந்தெடுத்தேன். என்னை வசந்தி என்கிற, பிரசவம் பார்க்கும் மிட்வைஃபிடம் ஒப்படைத்தார்.

வசந்தி கேட்ட முதல் கேள்வி, "போன பிரசவத்துல என்ன நடந்துச்சு? எல்லாத்தையும் சொல்லுங்க ஜெசிந்தா." அதுவரைக்கும் யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லாம் சொன்னேன். அந்த நர்ஸ் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல உங்க தப்பு எதுவுமே இல்ல" என்றார். அந்த அறையிலேயே உடைந்து அழுதேன்.

எட்டாம் மாதம் பாதி தாண்டியதும் ஒரு மசாஜ் சொல்லிக்கொடுத்தார். நகம் வெட்டி, கையை நன்றாகக் கழுவி, அவர் சொன்ன சுத்தமான எண்ணெயைத் தொட்டு, கட்டைவிரலைக் கொஞ்சமாக உள்ளே வைத்து, கீழ்ப்பக்கமும் இரண்டு ஓரமும் மெல்ல அழுத்தித் தளர்த்த வேண்டும். ஒரு ஐந்து நிமிடம். வாரத்தில் சில நாள். குழந்தை வரும்போது அந்த இடம் விரிந்து கொடுக்க அது உதவுமாம். நான்கு வருடமாக நான் குளிக்கும்போதுகூடத் தொட வெறுத்த இடம் அது. முதல் நாள் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். நாளாக ஆகப் பயம் குறைந்தது.

வலி வந்த அன்று மல்லாக்கப் படு என்று யாரும் சொல்லவில்லை. அறைக்குள் நடக்கவிட்டார்கள். பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். மேலே இருந்த என் காலை அந்தோணி தாங்கிப் பிடித்துக்கொண்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வசந்தி கீழே ஒத்திக்கொண்டே இருந்தார்.

தலை தெரிய ஆரம்பித்தது. எரிந்தது. அந்த எரிச்சலில் பழைய முகம் கண் முன்னால் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். அவளை நினைத்து, அவளை எட்டி உதைப்பதுபோல முழுப் பலத்தோடு முக்கப் போனேன்.

"ஜெசிந்தா, யார் மேல கோவம்? பல்லைக் கடிக்காதீங்க, தாடையத் தளர்த்துங்க. மேல இறுக்கினா கீழயும் இறுகும். இப்ப முக்கவே வேணாம். வாயத் தொறந்து ஹா ஹான்னு மூச்சு மட்டும் விடுங்க."

"ஆண்டவரே, அவ கணக்க நீ பாத்துக்கோ" என்று மனதுக்குள் சொல்லி வாயைத் திறந்தேன். வசந்தியின் ஒரு கை குழந்தையின் தலையிலும் ஒரு கை என் சதையைத் தாங்கியும் இருந்தது. என் மகன் நிதானமாக, அவசரமே இல்லாமல் வந்தான். வசந்தி நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, "சின்னச் சிராய்ப்புதான். தையலே வேணாம்" என்றார். அந்தோணி சுவர் பக்கம் திரும்பி அழுதார்.

என் சாட்சி அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

மகனுக்கு ஏழு மாதம் ஆனபோது அந்த நர்ஸ் மறுபடி கடைக்கு வந்தாள். கூடவே நிறைமாத வயிற்றோடு ஒரு பெண்.

"என் பொண்ணு. நல்ல சங்கராவா பாத்துக் குடு."

"பிரசவம் எந்த ஆஸ்பத்திரிலம்மா?" என்று கேட்டேன்.

"எங்க ஆஸ்பத்திரிலதான். நானேதான் கூட நிக்கப் போறேன்."

நான் ஜெபத்தில் கேட்டது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. பேசாமல் மீனை வெட்டிக் கொடுத்திருந்தால் போதும். அவள் முழங்கை மீதியைச் செய்து முடித்திருக்கும்.

கத்தியைக் கீழே வைத்தேன். எழுந்து நின்று, பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, எனக்கு நடந்ததைச் சொன்னேன். கட்டின கால், ஸ்டூல், முழங்கை. அவள் சொன்ன வார்த்தையை எழுத்துப் பிசகாமல் அவள் மகள் முன்னாலேயே திருப்பிச் சொன்னேன்.

"நான் எத்தினியோ பேரைப் பாத்துக்கினு கீறேன். உன்ன எனக்கு ஞாபகமே இல்ல," என்றாள். குரல் எழும்பவில்லை.

"எனக்கு ஞாபகம் கீது."

அவள் முகம் கறுத்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆனந்தமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாம்மா? நெஜமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றது. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் என் சாபம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வசந்தி இருக்கும் ஆஸ்பத்திரியைச் சொன்னேன். மசாஜ், ஒருக்களித்துப் படுப்பது, வெந்நீர்த் துணி, தலை வரும்போது முக்காமல் மூச்சு விடுவது எல்லாம் சொன்னேன். "உன் வயித்த யாரும் அமுக்க வுடாத. உங்கம்மாவ வெளிய நிக்கச் சொல்லு" என்றேன். அம்மாக்காரி மீன் வாங்காமலே போனாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் குழந்தையோடு வந்தது. "ரெண்டே ரெண்டு தையல்தான்கா. அம்மா வெளியதான் நின்னாங்க" என்றது.

அந்த நர்ஸை மன்னித்துவிட்டாயா என்று சாமியார் கேட்டார். இல்லை சாமி என்றேன். ஷைனி பிறந்த ஆஸ்பத்திரியில் அவள் மேல் நாங்கள் எழுதிக் கொடுத்த புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் வரைக்கும் நானும் அந்தோணியும் போய்க்கொண்டே இருப்போம். ஆனால் அவள் மகள் மேல் போட்ட சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நான்கு வருடம் கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை. அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பிள்ளைத்தாய்ச்சிகளே, எதற்கும் டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். வலி நேரத்தில் கூட யார் நிற்பார்கள், எப்படிப் படுக்க வைப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை. மனதில் பழி வைத்திருக்கிறவர்களே, நல்ல வார்த்தை வரட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கெட்ட வார்த்தையோடேயே அவர் முன்னால் போய் நில்லுங்கள். அவர் நம்மை எழுந்து போகச் சொல்ல மாட்டார்.