கார் ஒழுகிய ஞாயிறுகள்

ரங்கூனில் எங்கள் தெருவில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் என் பெரியப்பா. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கார் ஒன்றும் புதியதில்லை. சீமைக்குத் திரும்பிய அரிசி மில் துரை ஒருவர் கழித்துவிட்டுப் போனது. மேலே கான்வாஸ் கூரை, கீழே எண்ணெய்க் கசிவு. நின்ற இடத்திலெல்லாம் கறுப்பாக ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் நகரும்.

பெரியப்பா அந்த மில்லில் கூலியாட்களுக்கு மேஸ்திரி. அப்பா அவருக்குத் தம்பி, ஆகையால் காருக்கு டிரைவர். "பட்டறைக்கு விட்டுடலாம்டா" என்பார் பெரியப்பா. "எதுக்குண்ணே? அடியில ஏதோ ஒரு பேக்கிங் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை நானே பாத்துடறேன்" என்பார் அப்பா. மழைக்காலத்தில் தொடங்கிய இந்தப் பேச்சு, மழை விட்ட பிறகும் முடியவில்லை. கசிவு நிற்கிற வரைக்கும் கார் மில்லுக்குப் போய்வந்தால் போதும், ஊர் சுற்றக் கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. காரில் ஏறி ஏரிக்கரைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு லட்சியம் கிடையாது. அப்பாவின் கைவேலையை நம்பித்தான் என் பிழைப்பே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கிழிந்த கைலியைக் கட்டிக்கொண்டு, கொட்டகையில் காருக்கு அடியில் மல்லாந்து படுப்பார். அம்மா பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். பெரியம்மாவும் அதை ஒன்றும் சொல்ல மாட்டாள். "அவ இல்லேன்னா அவனுக்கு எது எங்க இருக்குன்னே தெரியாது" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்தால் போதும், ஊர்க்காரர்கள் மூட்டையோடு வந்து இறங்கிவிடுவார்கள். வேலை கிடைக்கிறவரை கூடத்திலும் படிக்கட்டிலும் அவர்கள் பாய்தான். அத்தனை பேர் எதிரில், அதுவும் பெரியப்பா இருக்கும்போது, பெண்டாட்டி புருஷனோடு பேசுவது மரியாதையில்லை. அப்பாவுக்குச் சோறு வேண்டுமென்றால் "அம்மாகிட்டச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். "அப்பாவை வந்து உக்காரச் சொல்லு" என்று அம்மாவும் என்னிடமே சொல்வாள். இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். நடுவில் ஓடி ஓடி என் கால்தான் வலிக்கும்.

கொட்டகையில் மட்டும் எனக்கு அந்த வேலை இல்லை. அங்கே அம்மா காரைப் பார்த்துப் பேசுவாள், காருக்கு அடியிலிருந்து பதில் வரும். சில சமயம் கார் சிரிக்கும். எனக்கோ எரிச்சலாக இருக்கும். இப்படிக் கதையளந்துகொண்டிருந்தால் கசிவு எப்போது நிற்பது, நான் எப்போது ஏரியைப் பார்ப்பது?

ஒருநாள் கோயிலுக்குப் புறப்பட்ட பெரியப்பா, சலவை வேட்டியோடு அந்தக் கறுப்பு வட்டத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அதோடு பொறுமை போயிற்று.

"இந்த ஒரு ஞாயிறு மட்டும் பொறுங்கண்ணே" என்றார் அப்பா.

"எத்தனை ஞாயிறுடா? எஞ்சினையே புதுசாச் செஞ்சிருக்கலாம்."

மறுநாளே கார் ஆற்றோரமாக இருந்த அலோன் பேட்டைக்குப் போயிற்று. அங்கே படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பர்மாக்காரர் ஒருவரின் பட்டறை இருந்தது. திரும்பி வந்த காருக்கு அடியில் பெரியப்பா வெள்ளைத் துண்டை விரித்து வைத்துப் பார்த்தார். பொட்டு எண்ணெய் இல்லை.

அந்த ஞாயிறு ஏரிக்கரைக்குப் போனோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்னால் அப்பாவும் பெரியப்பாவும், பின்னால் பெரியம்மா, அம்மா, அம்மா மடியில் நான். கரையில் பர்மாக்காரி ஒருத்தி சுட்டு விற்ற சுரைக்காய் பஜ்ஜியை வயிறு முட்டத் தின்றேன். அம்மா மட்டும் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு ஏரி பிடிக்கலையாம்மா?"

"பிடிக்காம என்ன" என்றாள். 

அடுத்த ஞாயிறும் போவதாக ஏற்பாடு. விடிந்ததும் அம்மா எனக்குத் தலை பின்னினாள். அவள் கையில் ஒரு நாற்றம்.

"என்னம்மா இது, கார் வாடை அடிக்குது?"

"தலையை ஆட்டாம இரு."

பெரியப்பா மாடியிலிருந்து இறங்கிக் கொட்டகைக்குப் போனார். காருக்கு அடியில் வட்டம், முன்னைவிடப் பெரிதாக. அலோன் பட்டறைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, "இனிமே ஒருத்தன்கிட்டயும் விடறதில்லை. நீயே பாத்துக்கடா. எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி" என்று மாடியேறிவிட்டார். ஏரியும் போயிற்று, பஜ்ஜியும் போயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா கைலியை மாற்றிக்கொண்டு அடியில் நுழைந்தார். அம்மா பலகையில் உட்கார்ந்து, ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடியில் நட்டைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு கார் சிரிக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை.

"எதுக்குப்பா சிரிக்கிறீங்க?"

"அலோன்காரன் நட்டை நல்லாத்தான் முடுக்கியிருக்கான். இதைக் கழட்டின கைதான் பாவம், ரொம்ப வலிச்சிருக்கும்."

"ஒண்ணும் வலிக்கலை" என்றாள் அம்மா. அவள் முகமெல்லாம் சிவந்திருந்தது.

இரண்டு பேரும் இந்தக் காரோடு படும் பாட்டைப் பார்க்க எனக்குப் பரிதாபமாகிவிட்டது. அழுகையை விழுங்கிக்கொண்டு, "நான் பெரியவளானதும் ஒழுகாத புதுக் கார் ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றேன்.

"வேணாம்டி கண்ணு" என்று பலகையிலிருந்தும் காருக்கு அடியிலிருந்தும் ஒரே குரலில் பதில் வந்தது.

இந்த வீட்டில் நல்லதைச் சொன்னால் யாருக்குமே பிடிக்காது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.